கதை படித்தவர் எப்போது பதில் எழுதுகிறார்?

அமெரிக்க ஆய்வாளர் ஜோனா பெர்கர் 2011-ல் வெளியிட்ட ஒரு சோதனை மிக எளிமையானது. கல்லூரி மாணவர்களில் சிலரை 60 நொடி சும்மா உட்காரச் சொன்னார்கள். மற்றவர்களை நின்ற இடத்திலேயே 60 நொடி ஓடச் சொன்னார்கள். அப்புறம், முன்னதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல, எல்லோருக்கும் ஒரே செய்திக் கட்டுரையைக் கொடுத்து, விருப்பமிருந்தால் யாருக்காவது அனுப்பலாம் என்றார்கள். கோபத்தையோ அழுகையையோ கிளப்பும் கட்டுரை அல்ல அது. உட்கார்ந்திருந்தவர்களில் 33 சதவீதம் பேர் அதை அனுப்பினார்கள். ஓடியவர்களில் 75 சதவீதம் பேர் அனுப்பினார்கள்.

கட்டுரை ஒன்றுதான். மாறியிருந்தது படித்தவரின் உடல். நெஞ்சு வேகமாக அடிக்கும்போது மனிதர்களுக்கு எதையாவது செய்ய வேண்டும்போல் இருக்கிறது, கையில் என்ன கிடைக்கிறதோ அதைச் செய்கிறார்கள்.

இதே பெர்கர், கேத்தரின் மில்க்மனுடன் சேர்ந்து நியூயார்க் டைம்ஸ் இதழின் ஏறக்குறைய 7,000 கட்டுரைகளை அலசி, 2012-ல் முடிவை வெளியிட்டார். வியப்பு, கோபம், பதற்றம் மூன்றையும் தூண்டிய கட்டுரைகளை வாசகர்கள் அதிகம் மற்றவர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். சோகமான கட்டுரைகள் அந்த அளவுக்குப் போகவில்லை. கோபமும் சோகமும் இரண்டுமே கசப்பான உணர்ச்சிகள்தான். ஆனால் கோபம் உடலை முடுக்குகிறது, சோகம் அடக்கி உட்கார வைக்கிறது.

தமிழில் இணையத் தொடர்கதை படிப்பவர்களுக்கு இது பழகிய காட்சியாக இருக்கும். மாமியார் மருமகளை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தும் அத்தியாயத்துக்குக் கீழே கருத்துகள் குவிந்து கிடக்கும். “இந்த அம்மாவை முதல்ல வீட்டை விட்டுத் துரத்துங்க சிஸ்” என்று ஆரம்பித்துச் சண்டையே நடக்கும். அதே கதையில், இறந்துபோன அப்பாவின் சட்டையை மகள் மடித்து வைக்கும் அத்தியாயத்துக்கு நாலைந்து அழும் முகங்களும் ஒரு ‘அருமை’யும் வந்து நின்றுவிடும். எழுதியவருக்கு மனசு விட்டுப்போகும். பெர்கர் அளந்தது கட்டுரையைப் பிறருக்கு அனுப்புவதைத்தான், கருத்து எழுதுவதை அல்ல. ஆனாலும் இரண்டுக்கும் முதல் உந்துதல் ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். அந்தச் சட்டை அத்தியாயம் தோற்றுவிட்டது என்று எழுத்தாளர் முடிவுகட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

சோகம் இல்லாத அத்தியாயத்துக்கும் பெரும்பாலானவர்கள் எழுதுவதில்லை என்பது வேறு விஷயம். இணையத்தில் கூடும் மனிதர்களைப் பற்றி இணையத்தளப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006-ல் ஒரு தோராயக் கணக்கைச் சொன்னார். நூறு பேரில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது ஏதாவது எழுதுவார்கள், ஒரே ஒருவர்தான் ஓயாமல் எழுதிக்கொண்டிருப்பார். இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறும், படிப்பவர் மிகுதி, எழுதுபவர் சொற்பம் என்ற சாய்வு மட்டும் பெரும்பாலும் இப்படித்தான். பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிப்பவர், மறு கையில் தமிழ்த் தட்டச்சுப் பலகையைத் திறந்து இரண்டு வாக்கியம் அடிப்பது லேசான வேலையா? கதை அவருக்குப் பிடித்திருக்கலாம். அதை எழுதிச் சொல்ல இன்னொரு உந்துதல் வேண்டியிருக்கிறது.

அந்த உந்துதல் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பழைய ஆராய்ச்சி ஒன்று உதவுகிறது. 1920-களில் பெர்லினில் கர்ட் லெவின் என்ற உளவியலாளரிடம் இரண்டு மாணவிகள் படித்தார்கள். ஒருவர் ப்ளூமா சைகார்னிக். முடிக்காத வேலைதான் நன்றாக நினைவில் நிற்கும் என்று 1927-ல் எழுதிப் புகழ்பெற்றார். ஆனால் பின்னால் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்கள் பலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. இன்னொருவர் மரியா ஒவ்சியாங்கினா. அவர் பெயர் அதிகம் அறியப்படவில்லை, ஆனால் அவர் 1928-ல் சொன்னதுதான் உறுதியாக நிற்கிறது. பாதியில் நிறுத்தப்பட்ட வேலையை மனிதர்கள், யாரும் கேட்காமலே, எந்தப் பரிசும் இல்லாமலே, வாய்ப்புக் கிடைத்ததும் தாமாகவே தொடரப் போகிறார்கள்.

தொடர்கதை வாசகர் செய்வதும் இதைத்தான். அத்தியாயம் கதவு தட்டப்படும் சத்தத்தோடு நின்றுவிட்டது. மீதியை முடிக்க அவரிடம் கதை இல்லை, கருத்துப்பெட்டி இருக்கிறது. “வந்தது ஆகாஷ்தானே? அடுத்த யூடி எப்போ?” என்கிறார் (யூடி என்றால் அப்டேட், அடுத்த அத்தியாயம்). பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. அது முடிந்த பிறகும் வாசகர்கள் விடவில்லை. இவர் என்ன ஆனார், அவருக்குக் கல்யாணம் நடந்ததா என்று கேள்விகள் வந்து சேர, நூலின் முடிவுரையில் கல்கி அவற்றுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. இன்று புத்தகமாகப் படிப்பவர்களும் அந்தப் பக்கங்களைப் பார்க்கலாம். முடிச்சை முழுக்க அவிழ்க்காமல் விட்டதால்தான் அத்தனை பேர் பேனாவை எடுத்தார்கள்.

குற்றம் கண்டுபிடிக்கும் கருத்துகள் வேறு வகை. “முதல் அத்தியாயத்தில் தங்கச்சி இருந்தாளே, இப்போ ஒரே பிள்ளை என்கிறீர்கள்?” என்பதுபோல. மெலனி கிரீனும் திமோதி பிராக்கும் 2000-த்தில் வெளியிட்ட ஆய்வு இதைப் புரிந்துகொள்ள உதவும். ஒரு கதையைப் படிக்கக் கொடுத்து, பொய்யாகப்படும் இடங்களை வட்டமிடச் சொன்னார்கள். கதைக்குள் ஆழ்ந்து போனவர்கள் குறைவாகவே வட்டமிட்டார்கள். அப்படியானால் தங்கச்சியைத் தேடி வந்த வாசகர் அந்த இடத்தில் கதையை விட்டு வெளியே வந்திருக்கிறார். அவர் எதிரி இல்லை. எந்த வரியில் கதை அவரைக் கைவிட்டது என்று துல்லியமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். இப்படிச் சொல்பவர்களைத் தடைசெய்யும் எழுத்தாளர்கள் நல்ல உதவி ஒன்றை இழக்கிறார்கள்.

இன்னொரு பெரும்பங்கு, வாசகர் தன்னைப் பற்றி எழுதுவது. “எங்க அத்தை வீட்டுலயும் இதே கதைதான், பத்து வருஷம் பேசிக்கல” என்று ஆரம்பிப்பார், கதாநாயகி மறந்தே போவாள். ஹார்வர்டில் டயானா தமீரும் ஜேசன் மிட்செலும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், தன்னைப் பற்றிச் சொல்லும் வாய்ப்புக்காக மனிதர்கள் கிடைக்கவிருந்த காசில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். அப்போது மூளையில் பரிசு கிடைத்தால் இயங்கும் பகுதிகள் சுறுசுறுப்பாவதும் தெரிந்தது. கதை அந்த வாய்ப்பை இலவசமாகத் தருகிறது. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததைக் கதாபாத்திரத்தின் பெயரில் சொல்லிவிடலாம். இந்த வகைக் கருத்துகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை.

கூட்டத்தின் பங்கும் உண்டு. லெவ் முக்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் மூவரும் ஒரு செய்தித் தளத்தில் 1,01,281 கருத்துகளை வைத்து ஐந்து மாதம் சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். சில கருத்துகளுக்கு, அவை பதிவான உடனே, எந்தத் தகுதியும் பாராமல் ஒரு ஆதரவு வாக்கைப் போட்டார்கள். அதைப் பார்த்த முதல் ஆள் தானும் ஆதரவு வாக்குப் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. எதிர் வாக்குப் போட்டபோது அப்படிச் சரியவில்லை, வந்தவர்கள் ஆதரவு வாக்குப் போட்டு ஈடுகட்டிவிட்டார்கள். புதிதாக எழுத வருபவரின் கதைக்கு நண்பர் ஒருவர் முதலில் போடும் ஐந்து நட்சத்திரமும் பின்னால் வருபவர்களை இப்படியே பாதிக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே நட்சத்திரங்களை வைத்து இரண்டு கதைகளை ஒப்பிடுவதில் பெரிய பொருள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, கேட்டால் எழுதுவார்களா? கேட்கும் விதத்தைப் பொறுத்தது. மினசோட்டா பல்கலைக்கழகம் நடத்தும் மூவிலென்ஸ் என்ற திரைப்பட மதிப்பீட்டுத் தளத்தின் உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிச் சோதித்த ஆய்வு 2004-ல் வந்தது. உங்கள் ரசனை மற்றவர்களுடையதைவிட வித்தியாசமானது, உங்களால்தான் இதைச் சொல்ல முடியும் என்று நினைவூட்டப்பட்டவர்கள் அதிகப் படங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். ‘முடிந்ததைச் செய்யுங்கள்’ என்பதைவிட, இத்தனை படம் என்று எண் குறித்துக் கேட்டபோது கூடுதலாகச் செய்தார்கள். “உங்கள் மேலான கருத்துகளைப் பகிருங்கள்” என்ற வழக்கமான வரி ஏன் யாரையும் அசைப்பதில்லை என்பதற்கு இதில் விடை இருக்கிறது. அது யாரையும் குறிப்பிட்டு எதையும் கேட்கவில்லை. “மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால், அந்த நர்ஸ் பேசியது சரியாக இருக்கிறதா என்று சொல்லுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். வருகிற பதிலின் தரமே வேறாக இருக்கும்.

இத்தனை கருத்துகளால் எழுதுபவருக்கு என்ன ஆகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செசிலியா அரகோன், கேட்டி டேவிஸ் ஆகியோரின் குழு ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் தளத்தை ஆராய்ந்தது. பெரும்பாலும் இளையவர்கள், தங்களுக்குப் பிடித்த கதைகளின் பாத்திரங்களை வைத்துப் புதுக்கதை எழுதும் இடம் அது. ஒருவர் எழுத எழுத அவருடைய சொல்வளம் எப்படி வளர்கிறது என்று பார்த்தார்கள். ஏறக்குறைய 650 விமர்சனங்கள் பெறுவது, வயதில் ஒரு வருடம் கூடுவதால் வரும் வளர்ச்சிக்குச் சமமாக இருந்தது. அத்தியாயத்துக்குப் பத்து விமர்சனம் என்றால் 65 அத்தியாயம். அந்த விமர்சனங்களில் ஆழமானவை குறைவு. ‘நன்றாக இருந்தது’, ‘சீக்கிரம் அடுத்ததைப் போடு’ என்ற ஒற்றை வரிகள் ஏராளம், வசைகள் மிகக் கொஞ்சம். யாருமே முழுப் பாடம் நடத்துவதில்லை. ஒருவர் வசனம் பிடித்தது என்பார், இன்னொருவர் நடுவில் குழம்பியதாகச் சொல்வார், மூன்றாமவர் எழுத்துப்பிழையைக் காட்டுவார், இருபது பேர் தொடர்ந்து எழுதச் சொல்வார்கள். அந்த இருபது பேருக்காகத்தான் அடுத்த அத்தியாயம் எழுதப்படுகிறது, முந்தைய மூவர் சொன்னது அதில்தான் திருத்தமாக வருகிறது.