பெட்ரோலியம் ஜியாலஜியில் சேருவதற்கு முன்னால்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் ஈரோடு, நாமக்கல் பக்கமிருந்து எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "ஏனுங்க சார், பையனைப் பெட்ரோலியத்துல சேர்த்தா வளைகுடாவுல வேலை நிச்சயந்தானுங்களா?" ரிசர்வாயர் மாடலிங்கில், அதாவது பூமிக்கடியில் எண்ணெய் தேங்கிய பாறையைக் கணினியில் உருவாக்கிப் பார்ப்பதில் ஆராய்ச்சி செய்து, அதையே பாடமாகவும் நடத்துகிறவன் என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: நிச்சயம் என்பது இந்தத் துறையில் கிடையாது, வேலையிலும் சரி, பாறையிலும் சரி.

முதலில், கல்லூரி நோட்டீஸில் கடல்நடுவே எண்ணெய்க் கிணறு படம் போட்டிருக்கும் பெட்ரோலியம் இன்ஜினியரிங் வேறு, ஜியாலஜி வேறு. துளை போடுவதும் எண்ணெயை மேலே கொண்டுவருவதும் இன்ஜினியர் வேலை. எந்தப் பாறையில், எவ்வளவு இருக்கும் என்று கணிப்பது ஜியாலஜிஸ்ட் வேலை. இதற்கு பி.எஸ்சி. முடித்து, ஜாம் தேர்வு எழுதி ஐஐடி-யில் எம்.எஸ்சி. சேரலாம். பேராசிரியர் ஆக நினைத்தால் நெட் தகுதித் தேர்வு, பிஎச்.டி. என்று இன்னும் சில வருடம் பொறுமை வேண்டும்.

"நம்ம பக்கம் எண்ணெய் இல்லீங்களா?" என்றும் கேட்பார்கள். இல்லை. கொங்கு மண்ணுக்குக் கீழே இருப்பது நைஸ், சார்னோகைட் என்ற கெட்டிப் பாறைகள். எண்ணெய்க்கு மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய படிவுப்பாறை வேண்டும். அது இருப்பது காவிரிப் படுகையில், நாகப்பட்டினம் அருகே நரிமணம் பக்கம். நம் பாறையில் தண்ணீரே வெடிப்புகளில்தான் ஓடுகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி 1,000 அடி இறக்கியும் ஒரு தோட்டத்தில் புழுதிதான் பறக்கும், பக்கத்துத் தோட்டத்தில் 300 அடியிலேயே தண்ணீர் பீய்ச்சும். இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு என் தொழிலின் கஷ்டம் பாதி புரிந்திருக்கும்.

மீதிப் பாதி இது. எண்ணெய்க் கிணறு என்பது கீழே போகப் போக ஒரு சாண் அகல ஓட்டைதான். அடுத்த கிணறு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். நடுவில் மணற்கல் தொடர்கிறதா, களிப்பாறை குறுக்கே வருகிறதா? மேலிருந்து அதிர்வை அனுப்பி எதிரொலியைப் பதிவுசெய்யும் நில அதிர்வு ஆய்வு ஒரு மங்கலான படம் தரும். மிச்சத்தைக் கணக்கால் நிரப்புகிறோம். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக டேனி கிரிக் என்பவர் 1951-ல் எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்த கணக்கு அது. பின்னால் பிரான்ஸின் மாத்ரோன் அதற்குக் கோட்பாடு அமைத்து, கிரிகிங் என்று கிரிக்கின் பெயரையே வைத்தார். கணக்கால் நிரப்பினாலும் நடுவில் இருப்பது யூகம்தான். அதனால் நாங்கள் ஒரே ஒரு மாடல் போடுவதில்லை, நூற்றுக்கணக்கில் போட்டு, இவ்வளவுக்குக் குறையாமல் கிடைக்க 90 சதவீத வாய்ப்பு, இவ்வளவுக்கு 50, இவ்வளவுக்கு 10 என்றுதான் பதில் சொல்வோம்.

மாணவர்கள் சறுக்கும் இடம் ஹிஸ்டரி மேட்சிங். இதுவரை கிணற்றில் வந்த எண்ணெய், தண்ணீர், அழுத்தம் எல்லாவற்றோடும் மாடல் ஒத்துப்போகும்வரை அதைத் திருத்துவார்கள். கோடு கோட்டின்மேல் உட்கார்ந்ததும் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள்! ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல மாடல்கள் அதே பழைய கணக்கோடு அச்சாகப் பொருந்தி, அடுத்த பத்து வருடத்துக்கு வெவ்வேறு பதில் சொல்லும். கலர் கலரான முப்பரிமாணப் படத்தை நம்பிப் பணம் போட்டுவிடுவார்கள் என்பதுதான் என் பயமே.

வேலையும் இப்படித்தான். 2014 நடுவில் பேரல் 100 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே வந்தது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் முன்பேர (ஃபியூச்சர்ஸ்) விலை மைனஸ் 37 டாலரையும் தாண்டி இறங்கியது. விலை விழுந்தால் கம்பெனிகள் முதலில் கை வைப்பது புதுக் கிணறு தேடும் பிரிவில்தான். ஆகவே எண்ணெயை மட்டும் நம்பாமல் கணக்கையும் புரோகிராமிங்கையும் பிடித்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீருக்கும், நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் நடப்பதுபோல் கார்பன் டை ஆக்சைடைப் பாறையில் புதைப்பதற்கும் கிட்டத்தட்ட இதே மாடலிங்தான்.

ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யலாம். வட கடலில் உள்ள வோல்வே என்ற எண்ணெய் வயலின் மொத்தத் தரவையும் ஈக்வினார் நிறுவனம் 2018-ல் இலவசமாக வெளியிட்டது. ஒரு கிணற்றின் காமா ரே பதிவை (பாறையின் இயற்கைக் கதிரியக்கத்தை ஆழவாரியாக அளந்தது) மட்டும் எடுத்து, பைத்தானில் வரைந்து பாருங்கள். பொதுவாக எண் ஏறினால் களிப்பாறை, இறங்கினால் மணற்கல். இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே போடுவது என்று ஒரு மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகும் பையன் எழுந்து போகவில்லை என்றால், அப்புறம் எனக்குப் போன் பண்ணுங்கள், எந்தக் கல்லூரி என்று பேசலாம்.