பட்டியலைத் திருப்ப ஏன் இவ்வளவு நேரம்?

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியைப் பழகும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பட்டியலைத் தலைகீழாக்கும் பயிற்சிக்கு நான் எழுதிய ஃபங்ஷன் பத்து உறுப்புகளுக்கு உடனே விடை தருகிறது. ஒரு லட்சம் கொடுத்தால் திணறுகிறது. ஏன்?"

நீளம் காண்பது, கடைசி உறுப்பை எடுப்பது போன்ற ஆரம்பப் பயிற்சிகள் எல்லாம் ஒரே அச்சுதான். காலியா என்று பார். இல்லையென்றால் தலையை, அதாவது முதல் உறுப்பைப் பிரி, வாலை, அதாவது மீதிப் பட்டியலை அதே ஃபங்ஷனிடம் கொடு. இவரும் அப்படியே எழுதியிருப்பார்: வாலைத் திருப்பு, அதன் கடைசியில் தலையை ஒட்டு. அந்த 'ஒட்டு'தான் வில்லன்.

பட்டியலின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு மதிப்பும் அடுத்த செல்லைக் காட்டும் சுட்டியும் இருக்கின்றன. முன்னால் சேர்க்க ஒரே ஒரு புதுச் செல் போதும். பழைய பட்டியல் முழுவதும் அதன் வாலாகிவிடும். பின்னால் சேர்ப்பதென்றால் கடைசி செல்லின் சுட்டியை மாற்ற வேண்டும். ஹாஸ்கெலில் ஒருமுறை உருவான பட்டியலை மாற்றக் கூடாது. அதனால் அந்தச் செல்லுக்கு நகல், அதைக் காட்டும் முந்தைய செல்லுக்கும் நகல் என்று தலை வரை போகும். ஆயிரம் உறுப்புகளுக்கு 999 + 998 + … என்று கூட்டினால் 4,99,500 நகல்கள். லட்சத்துக்கு ஏறக்குறைய 500 கோடி!

தீர்வு, திரட்டி என்று இன்னொரு உள்ளீடு. காலிப் பட்டியலில் தொடங்கி, வரும் தலையை எல்லாம் அதன் முன்னால் வையுங்கள். 1, 2, 3 கொடுத்தால் திரட்டி முதலில் 1, பிறகு 2, 1, கடைசியில் 3, 2, 1. ஆயிரத்துக்கு ஆயிரம் செல்தான். இதுவும் ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் ரிகர்ஷன்தான், 'ரிகர்ஷன் என்றாலே மெதுவு' என்பது நிரலாளர்களின் மூடநம்பிக்கை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபோல்ட்: ஒரு செயலையும் தொடக்க மதிப்பையும் வாங்கி, பட்டியல் முழுவதையும் ஒரே விடையாகச் சுருட்டும் ஃபங்ஷன். 'முன்னால் சேர்' என்ற செயலையும் காலிப் பட்டியலையும் வலப்பக்க ஃபோல்டிடம் கொடுங்கள்: பட்டியல் துளியும் மாறாமல் திரும்ப வரும். அதே இரண்டையும் இடப்பக்க ஃபோல்டிடம் கொடுத்தால் தலைகீழ்! ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இடப்பக்க ஃபோல்ட் திரட்டியை முதலில் நீட்டும், 'முன்னால் சேர்' உறுப்பைத்தான் முதலில் கேட்கும். உள்ளீடுகளை இடம் மாற்றும் ஃபிளிப் இல்லையென்றால், முடிவில்லாத வகை (டைப்) உருவாகிறது என்று கம்பைலர் மறுத்துவிடும்.

1 முதல் முடிவின்றி நீளும் பட்டியலிலும் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். வலப்பக்க ஃபோல்டிடம் முதல் மூன்று உறுப்புகளைக் கேட்டால் உடனே வரும்; கேட்ட அளவுக்கு மட்டுமே ஹாஸ்கெல் கணக்கிடும். இடப்பக்க ஃபோல்ட் ஒன்றைக்கூடத் தராது. திருப்பிய பட்டியலின் தலை, மூலத்தின் கடைசி உறுப்பு அல்லவா?