ஆர்கைவ்னா களஞ்சியம் இல்லைங்க

அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ் ஊரோட பவுன்ஸ் மியூசிக் (அது ஹிப் ஹாப்ல ஒரு வகை) பத்தி ஒரு வீடியோ, தமிழ் சப்டைட்டிலோட போன வாரம் பார்த்தேன். பேட்டி, போட்டோ எல்லாம் "பிராந்திய ஹிப் ஹாப் களஞ்சியத்தில்" பத்திரமா இருக்குன்னு கீழ ஓடுது. பழைய பதிவு, பத்திரமெல்லாம் பாதுகாக்கற ஆர்கைவை களஞ்சியம்னு போடறத இந்த மாசம் மட்டும் நாலு இடத்துல பார்த்துட்டேன், இதுக்கு மேல சும்மா இருக்க முடியல.

வேர் என்னன்னா, கிரேக்கத்துல "ஆர்கேயான்", அதாவது ஊர் அதிகாரியோட மாளிகை, அரசாங்கப் பத்திரமெல்லாம் அங்கதான் இருக்கும். அது லத்தீன், பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து ஆர்கைவ் ஆச்சு. அவ்வளவுதான்.

இப்போ களஞ்சியத்துக்கு வருவோம். களஞ்சியம்னா நெல்லு கொட்டி வைக்கற இடம். பத்துப் பேர் வயல்ல அறுத்த நெல்ல ஒண்ணா கொட்டிட்டா எது யார் வயல்ல வெளைஞ்சதுன்னு அப்புறம் யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம், சோறாக்க அது போதும். ஆர்கைவ் செய்யற வேலை இதுக்கு நேர் எதிர்! யார்கிட்டேர்ந்து வந்துச்சு, எந்த வரிசையில வச்சிருந்தாங்க, எதுகூட எது இருந்துச்சு, இதைக் கலைக்காம வைக்கறதுதான் அங்க முதல் விதி. ஒருத்தரோட பெட்டியைப் பிரிச்சு இன்னொருத்தர் பெட்டியில கலந்தா அந்தத் துறையில அது பெரிய தப்பு.

அந்த வீடியோ சொன்ன விஷயத்தையே எடுத்துக்கங்க. பவுன்ஸ் 90களோட தொடக்கத்துல அந்த ஊர்லயே பிறந்து, பெரும்பாலும் சின்னச் சின்ன லோக்கல் லேபிள் (இசை வெளியிடற கம்பெனி) போட்ட கேசட்டா, அந்த ஊர்லயே வித்த இசை. வெளியூர்ப் பத்திரிகை பெருசா கண்டுக்கல, இருந்ததுல பெரும்பாலும் அவங்கவங்க வீட்டு அலமாரியிலதான். 2005 ஆகஸ்ட் 29 கத்ரீனா புயல்ல வெள்ளத் தடுப்புக் கரை உடைஞ்சு ஊர்ல சுமார் 80 சதவீதம் தண்ணிக்குள்ள போச்சு, அந்த அலமாரிகளும்தான். அதுக்கப்புறம் ஆலிசன் ஃபென்ஸ்டர்ஸ்டாக்ங்கற இசைப் பத்திரிகையாளரும் ஆப்ரி எட்வர்ட்ஸ்ங்கற போட்டோகிராபரும் ராப்பர், டிஜே, லேபிள் நடத்தினவங்கன்னு ஒவ்வொருத்தரா தேடிப் போயி பேட்டி எடுத்து, படம் எடுத்து, 2010ல ஆக்டன் மியூசியத்துல கண்காட்சியா வச்சாங்க. அந்தப் பேட்டிகளும், ஹாலி ஹாப்ஸ்ங்கற ஆய்வாளர் எடுத்த பேட்டிகளும் இப்போ துலேன் பல்கலைக்கழக வளாகத்துல இருக்கற அமிஸ்டாட் ஆய்வு மையத்துல இருக்கு.

பத்திரிகையாளர் ஒருத்தர் சேர்த்து வச்சதுன்னா என்னன்னு நினைக்கறீங்க? 90 நிமிஷப் பேச்சுல கட்டுரைக்குப் போறது ரெண்டு வாக்கியம், மிச்சம் 89 நிமிஷமும் பதிவுலதான் கிடக்கு. யாரு, எந்தத் தேதி, எந்த வார்டு, இது மேல ஒட்டின சீட்டுல பேனாவால எழுதியிருக்கும், எதுக்காக அந்தக் கேள்வியைக் கேட்டாங்கங்கறது நோட்டுல இருக்கும். கேசட்டும் நோட்டும் பிரிஞ்சுட்டா மிஞ்சறது வெறும் குரல். எங்க வீட்ல பெரியப்பா பதிவு பண்ணின வில்லுப்பாட்டு கேசட் ஒண்ணு இருக்கு, சீட்டு உரிஞ்சு போச்சு, பாடறது யாரு, எந்தக் கோயில் கொடைன்னு சொல்ல இப்போ ஆளில்லை. ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் வயிறு எரியுது.

இன்னொண்ணு, களஞ்சியம்ங்கற சொல்லுக்கு நம்மகிட்ட ஏற்கனவே வேற வேலை இருக்கு. 1954லேர்ந்து பெரியசாமி தூரனை ஆசிரியரா வச்சு 10 தொகுதி கலைக்களஞ்சியம் வந்துச்சே, அதுலேர்ந்து களஞ்சியம்னாலே தகவலைத் தொகுத்து, சுருக்கி, அகர வரிசையில தர்ற புத்தகம்னுதான் மனசுல நிக்குது. ஆர்கைவ் எதையும் சுருக்காது. அப்போ "ஹிப் ஹாப் களஞ்சியம்"னு படிக்கறவன் ஹிப் ஹாப் பத்தின என்சைக்ளோபீடியான்னுதானே நினைப்பான்?

சிலர் வெறும் "காப்பகம்"னு போடறாங்க, மெயில்லகூட "காப்பகப்படுத்து"ன்னு வருது. குழந்தைகள் காப்பகம், முதியோர் காப்பகம்னு தினம் பேசற ஊர்ல முன்னாடி ஒரு சொல் இல்லாம அது நிக்காது. ஆவணக்காப்பகம்னு முழுசா சொல்லணும். எழும்பூர்ல மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸா இருந்தது இன்னைக்கு தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான், போர்டே இருக்கு, புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆவணம்னா பட்டா, பத்திரம்தானே, பாட்டு கேசட் எப்படி ஆவணம் ஆகும்னு ஒருத்தர் கேட்டாரு. ஆவணப்படம்னு சொல்றோமே, அது என்ன பேப்பரா? ஆவணம்னா சாட்சி சொல்ற பொருள். பெரியபுராணத்துல சுந்தரர் கல்யாணத்துல கிழவர் ஒருத்தர் ஆளோலையோட, அதாவது சுந்தரரோட பாட்டனார் எழுதிக் குடுத்ததா சொல்ற அடிமைப் பத்திரத்தோட, வந்து நிக்கறாரு, சுந்தரர் அதைக் கிழிச்சுப் போட்டுடறாரு, கிழிச்சது படியோலை (நகல்), மூல ஓலை பத்திரமா இருக்குன்னு வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகுது. சபைக்காரங்க என்ன பண்றாங்க தெரியுமா, சுந்தரரோட பாட்டனார் கையெழுத்து உள்ள இன்னொரு ஓலையை "அரண்தரு காப்பு"லேர்ந்து வரவழைச்சு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கறாங்க. காவல் உள்ள இடம், அதுல யார் எழுதினதுன்னு தெரிஞ்ச ஓலை, தேவைப்பட்டா எடுத்து ஒப்பு நோக்கற வழக்கம், இது அப்படியே ஆர்கைவ்! சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டுலயே சொல்லிட்டாரு, நம்ம மொழிபெயர்ப்பாளருங்க அகராதியில முதல்ல கண்ணுல படற சொல்லை எடுத்து வச்சுட்டுப் போயிடறாங்க, அந்த இடம் என்ன வேலை செய்யுதுன்னு பாக்கறதே இல்லை.

அந்த "பிராந்திய"வும் அப்படித்தான். பிராந்தியம்னா ரேடியோ நியூஸ் கேக்கற மாதிரி இருக்கு. வார்டு வார்டா பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஆட விடற இசைக்கு வட்டாரம்ங்கற சொல்லை விட்டா வேற எது பொருந்தும், வட்டார வழக்குன்னு சொல்லிப் பழகினவங்கதானே நாம.

சப்டைட்டில்ல ரெண்டு வரிக்குள்ள அடங்கணும், "ஆவணக்காப்பகம்" நீளம்னு சொல்றவங்களுக்கு, இடத்தைச் சொல்லும்போது ஆவணக்காப்பகம், அந்த வேலையைச் சொல்லும்போது ஆவணக்காப்பு, பாத்துக்கறவரு ஆவணக்காப்பாளர். களஞ்சியத்தோட ஒப்பிட்டா ஆவணக்காப்பகத்துல கூடறது மூணே மூணு எழுத்து, ஆவணக்காப்புல ஒரே ஒரு எழுத்துதான்.