உருவகம் அல்ல, ஒத்தியக்கம்

போன மாதம் நூலகத்தில் ஓர் அறிவியல் உரை. 'அணுக்கருச் சுழல்களால் குவாண்டம் விளைவுகளை உருவகப்படுத்துதல்' என்று திரையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த உயர்நிலை மூன்று மாணவி, "உருவகம்னா முகத்தாமரைதானே அங்கிள்?" என்றாள். அவள் சரியாகத்தான் படித்திருக்கிறாள். பிழை திரையில்.

'சிமுலேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் திரையில் 'உருவகப்படுத்துதல்' என்று ஆக்கியிருந்தார்கள். அது இலத்தீன் வழி வந்த சொல். 'சிமிலிஸ்' என்றால் 'போன்ற'. ஒன்றைப் போல இன்னொன்றை நடக்கச் செய்வது, அவ்வளவுதான்.

உருவகமோ உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை ஒழித்து இரண்டையும் ஒன்றாக்குவது. தண்டியலங்காரம் சொல்லும் இலக்கணம் இது. ஆய்வகத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. குளோரோஃபார்ம் நிறைந்த மெல்லிய கண்ணாடிக் குழாயை வலிய காந்தப்புலத்தில் இறக்குகிறார்கள். அதிலுள்ள கார்பன்-13 (கார்பனின் ஒரு வகை), ஹைட்ரஜன் அணுக்கருக்கள் குட்டிக் காந்தங்களாக நிற்கின்றன. அவற்றுக்கு இந்தக் காந்தத் தன்மையைத் தரும் பண்புதான் 'சுழல்', ஆங்கிலத்தில் 'ஸ்பின்'. ரேடியோத் துடிப்புகளைக் கணக்காக அனுப்பினால், வேறொரு குவாண்டம் அமைப்பின் சமன்பாடு எப்படிப் போகுமோ அப்படியே இந்தச் சுழல்களும் போகும். அந்த அமைப்பு குழாயில் இல்லை. இரண்டும் வேறு வேறாகவே இருக்கின்றன, போக்கு மட்டும் ஒத்திருக்கிறது. 1981-இல் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் வலியுறுத்தியதும் இதைத்தான்: குவாண்டம் இயற்கையை ஒத்து நடக்க குவாண்டம் பொருளே வேண்டும். சாதாரணக் கணினிக்கு ஒவ்வொரு சுழல் கூடும்போதும் கணக்கு இரட்டிக்கும். 30 சுழல்களுக்கே நூறு கோடிக்கு மேல் எண்கள்.

'பாவனை' என்கிறார்கள் சிலர். அருமையான சொல்தான், ஆனால் யாழ்ப்பாணத்து நண்பர்களுக்குப் பாவனை என்றால் பயன்பாடு. 'போலி' என்றால் கள்ளச்சரக்கு நினைவுதான் வரும். 'மாதிரி' மாடலுக்குப் போய்விட்டது. 'ஒத்திகை' நெருங்கி வருகிறது, ஆனால் அது பிறகு நடக்கப்போகும் அதே காரியத்துக்கான முன்பயிற்சி.

என் சொல் ஒத்தியக்கம். ஒத்து இயங்குவது. 'ஒத்தியக்கினார்கள்' என்று வினையாகவும் வளையும். காந்தப்புலத்தில் அணுக்கருக்களை ரேடியோத் துடிப்பால் திருப்பும் இந்த முறையை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு (என்.எம்.ஆர்.) என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அந்த 'ஒத்து' இங்கும் வருவது பொருத்தம்தான். துடிப்பின் அதிர்வெண் அணுக்கருவோடு ஒத்தால்தானே சுழலைத் திருப்பவே முடியும்!

மொழிபெயர்ப்புச் செயலி முதலில் நீட்டுவதை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் போதுமே, உருவகம் உறுத்தாதா? 'சுழல்' மீதும் எனக்கு மனக்குறை உண்டு. அணுக்கரு பம்பரம்போலச் சுற்றுவதில்லை. ஆனால் 'ஸ்பின்' என்ற மூலச் சொல்லிலேயே அந்தக் குறை இருக்கிறது, அதை மொழிபெயர்ப்பாளர் தலையில் கட்ட முடியாது.