153ஏ பிரிவை மாற்ற எத்தனை வாக்கு வேண்டும்?

சிங்கப்பூரில் தமிழுக்கு அதிகாரத்துவ மொழி என்ற தகுதியைத் தருவது அரசமைப்புச் சட்டத்தின் 153ஏ பிரிவு. மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கையும் அது ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. சாதாரணச் சட்டம் எதுவும் அந்த வரியை மீற முடியாது. மீறினால், முரண்படும் அளவுக்கு அச்சட்டம் செல்லாது என்கிறது 4ஆம் பிரிவு. ஆனால் அந்த வரியையே மாற்றலாம். அதற்கான வழி 5ஆம் பிரிவில் இருக்கிறது.

முதல் வாசிப்பில் திருத்த மசோதா அறிமுகமாகும், அவ்வளவுதான். இரண்டாம் வாசிப்பில் அதன் நோக்கத்தை விவாதிப்பார்கள். பிறகு குழு நிலையில் ஒவ்வொரு உட்பிரிவாகப் பார்த்து, மூன்றாம் வாசிப்புக்கு வருவார்கள். இரண்டாம், மூன்றாம் வாசிப்புகள் இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். அன்று அவைக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு போதாது. மொத்த உறுப்பினர்களில் வேண்டும். நியமன உறுப்பினர்களுக்கு இதில் வாக்கில்லை, அவர்களை எண்ணிக்கையிலும் சேர்ப்பதில்லை. கணக்கில் 99 பேர் என்றால் 66 வாக்கு தேவை. 65 பேர் ஆதரித்து, மீதி 34 பேரும் அவைக்கே வராவிட்டாலும் மசோதா தோற்றுவிடும்.

நிறைவேறிய மசோதா ஓர் இனத்தாருக்குப் பாதகமா என்பதைச் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம் பார்க்கும். ஆனால் அதன் எதிர்ப்பையும் நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் தாண்டிவிடலாம்.

இந்த வரம்பு எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1965 முதல் 1979 வரை எளிய பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது. 1972இல் ஒரு விஷயத்துக்கு மட்டும் கடும் பூட்டுப் போட்டார்கள்: நாட்டின் இறையாண்மையை ஒப்படைக்கவோ, காவல்துறை, ஆயுதப்படை மீதான கட்டுப்பாட்டைக் கைவிடவோ பொது வாக்கெடுப்பில் பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மலேசியாவில் இணைந்து பிரிந்து ஏழே ஆண்டுகள் ஆன நாட்டின் அச்சம் அதில் தெரிகிறது.

பூட்டு இறுக இறுக அரசமைப்பின் ஆயுள் கூடும் என்று நினைப்பது தவறு. 1789 முதல் எழுதப்பட்ட தேசிய அரசமைப்புகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வின்படி, அவற்றின் சராசரி ஆயுள் சுமார் 19 ஆண்டுகள்தான். நீடித்தவை பெரும்பாலும் பலரைச் சேர்த்து உருவாக்கப்பட்டவை, விரிவாக எழுதப்பட்டவை, திருத்த ஓரளவு எளிதானவை. திருத்த வழியில்லாதபோது ஆட்சியைப் பிடிப்பவர்கள் முழு ஆவணத்தையும் தூக்கியெறிந்துவிடுகிறார்கள். அமெரிக்கா விதிவிலக்கு. அங்கே 50 மாநிலங்களில் 38 சம்மதிக்க வேண்டும். 1789இல் முன்மொழிந்த ஒரு திருத்தம் 1992இல்தான் நிறைவேறியது. அந்த இறுக்கத்தை நீதிபதிகளின் விளக்கங்களே தளர்த்துகின்றன.

பூட்டு தளர்ந்தால் வேறு சிக்கல். 1988 டிசம்பரில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒருவரை விசாரணையின்றித் தடுத்துவைக்கும் முடிவுக்குப் போதிய ஆதாரம் உண்டா என்று நீதிமன்றம் ஆராயலாம் எனத் தீர்ப்பளித்தது. மறுமாதமே அரசமைப்பைத் திருத்தி நாடாளுமன்றம் அந்த வழியை அடைத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1973இல் 7-க்கு 6 என்ற கணக்கில், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் அழிக்க முடியாது என்றது. அந்தக் கோட்பாட்டை 1989இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. சுதந்திரத்துக்குப் பின் ஆளுங்கட்சி மூன்றில் இரண்டு பங்கை ஒருமுறைகூட இழக்காத நாட்டில் இதன் கனம் பெரிது.

அடிப்படை உரிமைகளையும் அதிபரின் அதிகாரங்களையும் பொது வாக்கெடுப்பின் காவலில் வைக்கும் விதி 1991இலேயே எழுதப்பட்டுவிட்டது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தேர்ந்தெடுக்கப்படும் அதிபர் முறையைச் செம்மைப்படுத்த அவகாசம் வேண்டும் என்பது அரசாங்கம் சொன்ன காரணம். அந்த வாதம் அதிபர் பதவிக்குப் பொருந்தும். அடிப்படை உரிமைகளை ஏன் அதோடு சேர்த்துக் காக்கவைக்க வேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை.