அடுப்பின் அடியில் என்ன இருக்கிறது?

சென்ற மார்கழியில் ஏற்காட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்து மூலையில் புதிதாக ஒரு விறகு பீட்சா அடுப்பு வாங்கி வைத்திருந்தார்கள். கவிழ்த்த பானை போன்ற செங்கல் கூடு, முன்னால் வாய், வாயின் மேல் புகைக்குழாய். மூன்றாவது பீட்சா வெளியே வந்ததும் அக்கா அதைப் புரட்டிக் காட்டினார். மேலே சீஸ் கருகத் தொடங்கியிருந்தது. அடியில் மாவு வெள்ளையடித்த சுவர் போல இருந்தது. "விறகு போதவில்லையா தம்பி?" என்று கேட்டார். நான் குனிந்து, அடுப்பைத் தாங்கிய கான்கிரீட் பலகையின் அடிப்பக்கத்தைத் தொட்டேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. விறகில் குறை இல்லை. தளத்தில் தங்க வேண்டிய சூடு பலகை வழியே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

பீட்சாவுக்குச் சூடு மூன்று வழிகளில் வருகிறது. தளம் தொட்டுக் கொடுக்கிறது; உள்ளே சுழலும் காற்று தடவிக் கொடுக்கிறது; கூரையும் சுடரும் தொடாமலேயே கதிர்வீச்சாகக் கொடுக்கின்றன. இந்த மூன்றாவதுதான் விறகு அடுப்பின் உயிர். கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும், அதுவும் கெல்வின் அளவில், அதாவது செல்சியஸோடு 273 கூட்டி. சமையலறை மின் அடுப்பு 250 டிகிரியோடு நின்றுவிடும். செங்கல் கூரை 450 டிகிரியைத் தொட்டால் அது வீசும் வெப்பம் ஏறத்தாழ 3.6 மடங்கு. நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சா 60 முதல் 90 வினாடிகளில் வெந்துவிடுவதற்கு இதுதான் காரணம். மாவின் ஈரம் வற்றுவதற்குள் விளிம்பு உப்பிவிடுகிறது.

ஆனால் அந்த 90 வினாடிக்குள் அடியும் வேக வேண்டுமே? இங்கேதான் தளத்தின் கல் முக்கியமாகிறது. நம் தோசைக்கல் பெயரில்தான் கல், உண்மையில் இரும்பு. இரும்பு தன் சூட்டை மிக வேகமாகக் கைமாற்றும். 400 டிகிரி இரும்பில் மாவை வைத்தால், தொடும் இடம் கிட்டத்தட்ட அதே சூட்டை அடைந்து நொடிகளில் கருகும். அதே 400 டிகிரியில் இருக்கும் செங்கல் தயங்கித் தயங்கித்தான் கொடுக்கும். தொடும் இடம் 230 டிகிரி அளவில் நிற்கும். அடி சிவந்து மொறுமொறுப்பாக அந்தச் சூடு சரியானது. ஆகவே அதிகச் சூட்டுக்குச் செங்கல் தளம், சமையலறை அடுப்பின் குறைந்த சூட்டுக்கு இரும்புத் தகடு.

சேலத்துக்காரர்கள் உடனே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நம் ஊர் வெள்ளைக்கல்லிலேயே தளம் போட்டால் என்ன?" சேர்வராயன் அடிவாரத்தில் வெட்டியெடுக்கும் மேக்னசைட்டைச் சுட்டு வரும் மக்னீசியா 2,800 டிகிரியில்தான் உருகும், எஃகு உலைகளின் உட்புறத்தில் அந்தக் கல்தான். இருந்தும் பீட்சாவுக்கு அது வேண்டாம். களிமண் தீச்செங்கல்லைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தி அடியைக் கருக்கும். சூட்டில் அதிகம் விரிவதால், ஏறி இறங்கும் வீட்டு அடுப்பில் விரிசலும் விடும். இரவு பகலாக எரியும் உலைக்கு ஏற்ற கல் ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்கு ஏற்றதல்ல. கடையில் சாதாரண ஃபயர் பிரிக் கேளுங்கள். சிமென்ட் கலவையும் உள்பக்கம் கூடாது, சூட்டில் பொடிந்துவிடும். தீக்களிமண் கலவையே தாங்கும்.

அக்கா வீட்டு அடுப்பை விற்றவர் நல்ல கல்தான் போட்டிருந்தார். கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில்தான் ஒன்றுமே வைக்கவில்லை. கொத்தனார் தளத்தைப் பெயர்த்து, நாற்றுப் பண்ணைகளில் பயன்படுத்தும் வெர்மிகுலைட்டைச் சிறிது சிமென்டோடு பிசைந்து பத்து சென்டிமீட்டர் பரப்பி, மேலே அதே கல்லை அடுக்கினார். உள்ளே காற்றறைகள் நிறைந்த பொருள் என்பதால் வெப்பம் அதைக் கடக்கத் திணறும். அடுப்பு வாங்கப் போகிறவர்கள் கூரையின் அழகைப் பார்ப்பதற்கு முன் "தளத்துக்குக் கீழே என்ன?" என்று கேட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது கனம். 300 கிலோ செங்கல்லை 400 டிகிரி ஏற்ற, கணக்குப்படி ஏழு கிலோ உலர்ந்த விறகின் வெப்பம் வேண்டும். புகையோடு போவதையும் சேர்த்தால் இன்னும் அதிகம், நேரமும் இரண்டு மணிக்குக் குறையாது. மறுநாள் காலை அந்த மிச்சச் சூட்டில் ரொட்டி சுடுவோர்க்கு இது வரவு. மாதம் ஒருமுறை நான்கு பீட்சா போடும் குடும்பத்துக்கு மெல்லிய, நன்கு காப்பிட்ட சிறிய அடுப்பு போதும்.

வாயின் உயரம் கூரை உயரத்தில் 63 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அடுப்புக் கட்டுவோரின் பழைய விதி. கூரை 40 சென்டிமீட்டர் என்றால் வாய் 25. ஒரே வாயின் கீழ்ப்பாதியில் காற்று நுழைகிறது, மேல்பாதியில் புகை வெளியேறுகிறது. வாய் தாழ்ந்தால் நெருப்பு மூச்சுத் திணறும். உயர்ந்தால் சூடு ஓடிவிடும்.

ஏற்காட்டுக்கென்று தனிக் கவலை ஈரம். மழையிலும் பனிமூட்டத்திலும் செங்கல் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். திடீரென்று பெரிய தீ மூட்டினால் கல் பிளக்கும். புது அடுப்புக்கு ஐந்தாறு நாள் சின்னத் தீ மூட்டி மெல்லச் சூடேற்ற வேண்டும், மழைக்காலம் முடிந்ததும் மீண்டும் அப்படியே. விறகும் அப்படித்தான். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கை வெட்டியவுடன் எடைபோட்டால் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதைப் பிளந்து, கூரைக்குக் கீழே காற்றோட்டமாக மாதக்கணக்கில் அடுக்கி வைக்க வேண்டும். இரண்டு துண்டுகளைத் தட்டிப் பார்த்தால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று அமுங்கும்.

காய்ந்த விறகு எரியும்போது அடுப்பின் உள்ளே பாருங்கள். முதலில் கூரை முழுவதும் கரி படிந்து கறுத்திருக்கும். பிறகு உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றி, மெல்ல ஓரங்களுக்குப் பரவும். கல் சூடேறிக் கரியையே எரித்துவிடுகிறது என்று பொருள். வெள்ளை தளம் வரை இறங்கியதும் தணலை ஓரம் தள்ளி, சாம்பலைத் துடைத்துவிட்டு, முதல் பீட்சாவை உள்ளே விடலாம்.