சாக்ஸுக்குள் ஒரு சாக்ஸ்

இடது புறங்கையில் வலது ஆள்காட்டி விரலை அழுத்தி வையுங்கள். விரல் வழுக்காமல் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தோல் விரலோடு போகிறது, அடியிலிருக்கும் எலும்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது, நடுவில் உள்ளதெல்லாம் இழுபடுகிறது. மலையேறும்போது பூட்ஸுக்குள் குதிகாலுக்கு ஒவ்வோர் அடியிலும் நடப்பது இதுதான். ஆயிரக்கணக்கான முறை இப்படி இழுபட்டால் மேல்தோலின் அடுக்குகள் பிரிந்து, இடையில் நீர் கோத்துக்கொள்ளும். கொப்புளம் தேய்ந்து வருகிறது என்கிறோம். பெரும்பாலும் அது இழுபட்டு வருவது.

தடித்த சாக்ஸுக்கு உள்ளே போடும் லைனர் சாக்ஸ் கைகொடுப்பது இங்கேதான். மெல்லிய, வழவழப்பான அந்த உறை காலோடு ஒட்டிக்கொள்ளும். மேலே போடும் தடித்த சாக்ஸ் பூட்ஸோடு ஒட்டிக்கொள்ளும். வழுக்கல் இரண்டு துணிகளுக்கும் நடுவே முடிந்துவிடுவதால் தோல் தப்பிக்கிறது. ஆகவே லைனர் தொளதொளவென்று இருக்கக்கூடாது. விரலடியில் ஒரு மடிப்பு விழுந்தால் போதும், காரியம் கெட்டது.

அடுத்தது வியர்வை. ஈரத்தோல் துணியை இன்னும் இறுகப் பற்றும். போதாக்குறைக்கு, அசையாத காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தி அந்த நீரைக் குடித்துக் காலோடே வைத்துக்கொள்வதால் குளிருக்கு ஆகாது. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை நீரை உறிஞ்சுவதே இல்லை எனலாம். இழைகளின் இடுக்கு வழியே, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, வியர்வை வெளிச் சாக்ஸுக்குப் போய்விடும். நாற்றம் மட்டும் சீக்கிரம் பிடிக்கும். மெரினோ என்ற செம்மறியாட்டு வகையின் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரை இழைக்குள் வாங்கிக்கொண்டும் நனைந்ததாகத் தோன்றாது, எளிதில் நாறாது. ஆனால் மெதுவாகக் காயும், சீக்கிரம் ஓட்டை விழும். ஒருநாள் நடைக்கு இந்த இரண்டில் எதுவும் சரி. துவைக்க வழியில்லாத பலநாள் பயணத்துக்கு நான் மெரினோவைத்தான் எடுப்பேன்.

கதகதப்புக்காக லைனர் வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். கதகதப்பைத் தருவது துணிக்குள் சிறைப்பட்ட காற்று. மெல்லிய லைனரில் அது எவ்வளவு இருந்துவிடும்? ஒற்றைச் சாக்ஸுக்கு அளவெடுத்த பூட்ஸில் இரண்டைத் திணித்தாலோ, வெளிச் சாக்ஸிலிருக்கும் காற்றும் நசுங்கும், ரத்த ஓட்டமும் குறையும். கால் முன்னைவிடச் சில்லிட்டுப் போகும். பூட்ஸ் வாங்கப் போகும்போது இரண்டு சாக்ஸையும் கொண்டுபோய், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பாருங்கள். கயிற்றைக் கட்டியபின் விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். அசையவில்லையா, பூட்ஸை மாற்றுங்கள், அல்லது லைனரைக் கழற்றிவிடுங்கள்.